தன்னைத் தின்ற சுவர்

கூதிர்ப் பருவம் கருங்கழிக்கு ஓசையோடு வருவதில்லை. ஐப்பசி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்தபின், அதுவரை தெற்கிலிருந்து வீசிய காற்று ஒரு விடியலில் நின்றுபோகும். நின்ற காற்றுக்கும் எழப்போகும் வாடைக்கும் இடையே இரண்டு மூன்று நாள், கடலும் வானும் ஒரே சாம்பல் நிறம் பூண்டு, எல்லைக்கோடு எதுவென்று தெரியாதபடி ஒன்றையொன்று நோக்கி நிற்கும். கழியில் நெய்தல் மலர்கள் பொழுது ஏறிய பின்னும் இதழ் அவிழத் தயங்கும். நாரைகள் இரையை மறந்து வடகிழக்கைப் பார்த்திருக்கும். படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு ஆண்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். பெரியதொன்று வாயிற்படிவரை வந்தும் கதவைத் தட்டாமல் நிற்பதுபோன்ற அமைதி அது. பழம்பாடல்கள் இப்பருவத்தைப் பிரிந்தோர் துயருக்கு உரியதாக்கின. கருங்கழி மக்களோ இதனைச் சுவரின் பருவம் என்றே அழைத்தனர்.

கடல் ஊரைக் காட்டிலும் உயர்ந்துவிட்ட காலம் அது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் நெடுங்கரை நிறுவனம் ஒன்பது கிலோமீட்டர் நீளத்திற்கு எழுப்பிய சுவரே கருங்கழியை நிலமாக வைத்திருந்தது. அச்சுவர் உயிர்க்கல்லால் ஆனது. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வாழ்ந்தன. மேலிருந்து துளைகள் வழியே சுண்ணமும் சத்தும் கலந்த ஊட்டுநீரை ஊற்றினால், அவை அதனை உண்டு, விரிசல் கண்ட இடமெல்லாம் புதுக்கல் வளர்க்கும். பத்து நாளுக்கு ஒருமுறை ஊட்டுவண்டிகளைத் தள்ளிக்கொண்டு சுவர்மேல் நடந்தவர்கள் ஊட்டுநர்கள். முதலில் எண்பத்து நால்வர் இருந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நிறுவனம் ஊட்டைப் பாதியாக்கி, அறுபத்திருவரை வீட்டுக்கு அனுப்பியது. சுவருக்கு எந்தக் குறையும் நேரவில்லை என்று அதன் முகத்தில் பதித்த உணரிகள் கூறின. குப்பத்து நுழைவாயிலில் இருந்த பலகையில், நூற்றுக்கு எவ்வளவு உறுதி என்று அவை காட்டும் முகப்பு எண் பச்சை விளக்கில் எரிந்தது: தொண்ணூற்றெட்டு.

வாடை எழுவதற்கு மூன்று நாள் முன்பு, சுவர்ப் பொறியாளர் வடிவாம்பிகை தெற்குப் பகுதியில் நடந்து வந்தபோது அஞ்சப்பன் அங்கே நின்றிருந்தார். ஊட்டுநர்களின் தலைவராக இருபது ஆண்டு வேலை பார்த்து, அனுப்பப்பட்ட அறுபத்திருவரில் ஒருவரானவர். கையில் பழைய இரும்புக்கம்பி இருந்தது.

"என்ன அஞ்சப்பண்ணே, ஐஸ் கம்பெனியில லீவா?"

"லீவு எவன் குடுக்குறான்? ஒரு நா சம்பளத்தப் புடிப்பான், புடிச்சுட்டுப் போறான். இன்ஜினியரம்மா, கொஞ்சம் காதக் குடுங்க இங்க."

கம்பியால் தரையைத் தட்டினார். இரண்டடி தள்ளி மீண்டும் தட்டினார்.

"கேட்டீங்களா?"

"கல்லு சத்தம்தானே?"

"கல்லா? பூசணிக்காயத் தட்டுனாப்புல இருக்கும்மா. உள்ள ஒண்ணுமில்ல."

வடிவாம்பிகை முறுவலித்தாள். அவளிடம் அன்று மாலைக்குள் கையொப்பமிட வேண்டிய பருவச்சான்று இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் வாடைக்கு முன், சுவர் தாங்கும் என்று அவள் சான்று தரவேண்டும். தராவிட்டால் ஆட்சியர் குப்பத்து அறுநூறு குடும்பங்களையும் மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும் என்பது சட்டம்.

"முந்தாநாள்தான் சுவர்ல துளை போட்டுச் சோதனைக்குக் கல்மாதிரி எடுத்தோம் அண்ணே. அடி வரைக்கும் இரும்பு மாதிரி இருக்கு. என் கையால தொட்டுப் பாத்தேன்."

"எங்க எடுத்தீங்க?"

"எப்பவும் எடுக்கற எடந்தான். அம்மன் படிக்கட்டு. அந்த ஒரு படியிலதான் மெஷின ஏத்த முடியும்."

அஞ்சப்பனின் கம்பி நின்றது. பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"அது அவளுக்கு ஊட்டுன எடம்மா."

"யாருக்கு?"

"அலைகாத்தாளுக்கு. கோயிலுக்கு நேர் பின்னால இருக்குற சுவரு. நாங்க வண்டி தள்ள ஆரம்பிச்ச மொத வருசத்துலேர்ந்தே, ஒவ்வொரு வண்டியிலயும் ஒரு கரண்டி எடுத்து வெச்சு, வேல முடிஞ்சதும் அங்க கொண்டுபோயி ஊத்திருவோம். மொத ஊட்டு அவளுக்குத்தான்னு ஒரு வழக்கம். யாருகிட்டயும் சொல்லல. நீங்க பாதியாக்குனப்பவும் உள்ள இருக்குற இருவத்திரண்டு பேரும் அத நிறுத்தல. நமக்குக் கொறஞ்சாலும் அவளுக்குக் கொறையக் கூடாதுன்னு..." அவர் நிறுத்தினார். "நீங்க அங்கியா தொள போடுறீங்க? இத்தன வருசமா?"

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஊட்டைப் பாதியாக்கலாம் என்று வடிவாம்பிகை ஒப்பமிட்டதும் அதே படிக்கட்டில் எடுத்த கல்லை நம்பித்தான்.

அன்று நண்பகலுக்குள் பழைய ஊட்டுநர்கள் அறுவர், துளையிடும் பொறியைக் கழற்றிக் கயிற்றில் கட்டித் தெற்குச் சுவரின் மேல் ஏற்றினர். கல்மாதிரி வெளியே வந்தது. முகப்புப் பக்கம் ஒரு சாண் அளவு, சங்கைப்போல் வழவழப்பாகவும் திண்மையாகவும் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்தது தேனீக்கள் விட்டுப்போன பழைய அடையை ஒத்திருந்தது. வடிவாம்பிகை விரல்களை மடக்கினாள். கல் அவள் உள்ளங்கையில் மாவாயிற்று.

அஞ்சப்பன் தம் துண்டை விரித்து, உதிர்ந்ததை அள்ளி முடிந்துகொண்டார்.

நெடுங்கரை நிறுவனத்தின் வட்டாரத் தலைவர் ரகோத்தமன் ஊர் நடுவில் இருந்த கண்ணாடி அறையில் அமர்ந்திருந்தார். மென்மையாகப் பேசுபவர், ஊழியர்களின் குழந்தைகள் பெயரை நினைவில் வைத்திருப்பவர். மேசைமேல் அவிழ்த்த துண்டையும் அதிலிருந்த தூளையும் பார்த்தபோது அவர் முகம் உண்மையாகவே வாடியது.

"முகப்பு இவ்வளவு நல்லா இருக்கே மேடம். உள்ள எப்படி இப்படி?"

"அதுக்குப் பசி சார். கடல்தண்ணி படற எடத்தத்தான் அது காயம்னு உணரும். நாம ஊட்டுற வரைக்கும் வெளியேர்ந்து வர்ற சுண்ணத்த வெச்சுக் காயத்த ஆத்திக்கிட்டு இருந்தது. ஊட்டு கொறஞ்சதும், தன் உள்ளேர்ந்தே கரைச்சு எடுத்து மொகத்துல பூசிக்குது. மொகம் எவ்வளவு பளபளப்பா இருக்கோ, உள்ள அவ்வளவு காலி."

"இது முன்னாடியே தெரியாதா?"

"உள்ள அளக்கணும்னு ஒப்பந்தத்துல இல்ல. முகப்பு எண்ணுக்குத்தான் அரசாங்கம் பணம் தருது. ஒம்பது கிலோமீட்டருக்கு ஒரே ஒரு துளை. அதுவும் தப்பான எடத்துல."

ரகோத்தமன் எழுந்து சன்னலருகே சென்றார்.

"பொங்கல் கழிச்சு ஊட்ட முழுசா ஆரம்பிச்சுடலாம். போனவங்கள்ல பாதிப் பேரத் திரும்ப எடுக்கறதுக்கும் நானே எழுதறேன். இந்தக் காலாண்டுக் கணக்கு மட்டும் முடிஞ்சுடட்டும். பதினோரு நாள்ல லாபத்த அறிவிக்கப் போறாங்க. இப்ப போய் சுவர் காலின்னு சொன்னா..."

"வாடை மூணு நாள்ல வருது சார்."

"நான் கெட்டவன் இல்ல மேடம். மூணு வருஷத்துக்குன்னு இங்க வந்தவன். எனக்கு முன்னாடி இருந்தவரும் மூணு வருஷம். ஊட்டக் குறைச்சது அவர். அதுக்காக அவருக்குப் பதவி உயர்வு. ஏத்தினா நான்தான் நஷ்டம் காட்டினவன். சுவர் என்னிக்கு விழுதோ அன்னிக்கு இந்த நாற்காலியில யார் இருப்பாங்கன்னுதான் மேல இருக்கறவங்க எல்லாரும் பார்க்கறாங்க. அது நானா இருக்கக் கூடாதுன்னு நானும் வேண்டிக்கறேன்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதீங்க." அவர் திரும்பவில்லை. "அதுக்காக உங்க மேல எனக்கு மரியாதைதான் கூடுது."

மறுநாள் முற்பகலில் பருவச்சான்று ஆட்சியர் அலுவலகத்திற்குப் போய்ச் சேர்ந்தது. தலைநகரில் இருந்த வேறொரு பொறியாளர் ஒப்பமிட்டிருந்தார். அம்மன் படிக்கட்டுக் கல்மாதிரியை அவர் நம்பினார். நம்பாதிருக்க அவருக்குக் காரணம் ஏதுமில்லை. வடிவாம்பிகை தெற்குக் கல்லைப் பற்றி எழுதிக் கொடுத்ததை ஆட்சியர் அலுவலக எழுத்தர் வாங்கிப் படித்தார். அது அனுமதிக்கப்படாத இடத்தில் எடுத்தது என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

அவளும் அஞ்சப்பனும் குப்பத்தில் வீடு வீடாகச் சென்றனர். மீன் விற்கும் பூங்காவனம் தன் வாசலில் கருவாட்டை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பதைக் கடந்தவள், வாய்க்கு அஞ்சாதவள். அவள் கணவன் கோதண்டம் உள்ளே வலை பிரித்துக்கொண்டிருந்தான்.

"போர்டப் பாருங்க இன்ஜினியரம்மா, தொண்ணூத்தெட்டு! எம்மவ பத்தாங்கிளாசுல அதுல பாதி வாங்கல. அந்தச் சுவரக் கொற சொல்றீங்களே!"

"பூங்காவனம், விளையாட்டு இல்ல. உள்ள பொக்கையா இருக்கு."

"போன வருசமும் பொயல் பொயல்னு ஏத்துனாங்க. திரும்பி வந்தா ரெண்டு ஆட்டக் காணும். எண்ணு எறங்கட்டும். அபாயச் சங்கு ஊதட்டும். மொத ஆளா நா மூட்டையத் தூக்குறேன். அஞ்சப்பண்ணே, நீ சொல்லு, சங்கு ஊதாம யாரு கெளம்புவா?"

திரும்பி வரும் வழியில் அஞ்சப்பன் நின்றார்.

"எண்ணு எவ்வளவுக்கு எறங்குனா சங்கு ஊதும்?"

"அறுபதுக்குக் கீழ. தானா ஊதும். யாரும் தடுக்க முடியாது. ஊதிட்டா ஏத்தியே ஆகணும்."

"மொகத்த ஒடைச்சா எறங்குமா?"

வடிவாம்பிகை அவரைப் பார்த்தாள். இருபது ஆண்டுகள் அந்தச் சுவரின் மேல் செருப்பணிந்து நடவாத மனிதர் அவர்.

"இறங்கும். ஆனா எங்க ஒடைச்சாலும் உள்ள தாங்க ஒண்ணுமில்ல அண்ணே. நாமே கடல உள்ள விட்ட மாதிரி ஆயிடும். ஒடைச்சாலும் நிக்கற எடம்..."

அஞ்சப்பனே முடித்தார்.

"ஒரு எடந்தான் இருக்கு. அவ பொறுத்துக்குவா. அவளாலதான் முடியும்."

வாடையின் முதற்காற்று எழுந்த காலையில், நாற்பத்தோர் ஊட்டுநர்கள் கடப்பாரைகளோடு அம்மன் படிக்கட்டில் ஏறினர். தாம் ஊட்டி வளர்த்த கல்லின் முகத்தைத் தாமே பிளந்தனர். கல் எளிதில் இடம் தரவில்லை. அத்தனை உறுதியாக அவர்கள் அதனை வளர்த்திருந்தனர். ஓங்கும்போது சிலர் அழுதனர், வேலாண்டி என்பவன் மட்டும், "நல்லா வளத்துருக்கோம்டா, நாசமாப் போவ!" என்று மூச்சுவாங்கச் சொன்னபோது அழுதவர்களும் சிரித்தனர். பலகையில் எண் எண்பதாயிற்று, எழுபத்து மூன்றாயிற்று, பகல் பதினொரு மணிக்கு ஐம்பத்தொன்பதைத் தொட்டது. ஊரெங்கும் சங்கு அலறியது.

பூங்காவனம் சொன்னபடியே முதல் மூட்டையைத் தூக்கினாள். மாலைக்குள் அறுநூறு குடும்பங்களும் மேட்டுப்பள்ளியில் இருந்தன. அஞ்சப்பனும் நாற்பது பேரும் காவல் வண்டியில் இருந்தனர்.

அத்தோடு முடிந்திருந்தால் இது நல்ல கதையாகியிருக்கும்.

இரண்டாம் நாள் நிறுவனம் உடைபட்ட இடத்து உணரிகளைக் கணக்கிலிருந்து நீக்கியது. எண் மீண்டும் தொண்ணூற்றெட்டாயிற்று. மேட்டுப்பள்ளியின் ஒலிபெருக்கி, நாசவேலையால் எழுந்த பொய்யான எச்சரிக்கைக்கு வருத்தம் தெரிவித்தது. சுவர் உறுதியாக இருக்கிறது, விரும்புவோர் வீடு திரும்பலாம் என்றது. பெரும்பாலோர் மழைக்கு அஞ்சி இருந்துவிட்டனர். ஆட்டுக்காகவும் வலைக்காகவும் அடுப்பில் விட்டுவந்த பாத்திரத்துக்காகவும் முப்பத்தொருவர் இறங்கிச் சென்றனர். கோதண்டம் புது வலையை எடுத்துக்கொண்டு மறுநாள் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவதாகச் சொன்னான்.

மறுநாள் நண்பகலில் தெற்குச் சுவர் விழுந்தது. பள்ளியின் மாடியிலிருந்து பார்த்தவர்கள், பேரோசை எதுவும் கேட்கவில்லை என்றனர். சுவரின் பளபளத்த முகம் ஒருகணம் அப்படியே நின்றது. பின்பு ஈரத்தாள்போல் மடிந்தது. அதன் பின்னால் கடல் வந்தது.

வழக்கு ஒன்பது மாதம் நடந்தது. சுவர் விழுந்தது அம்மன் படிக்கட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி என்பதை நிறுவனத்தின் வழக்கறிஞர் மறுக்கவில்லை. அவர் வேறொன்றைக் கேட்டார்: கூண்டில் நிற்பவர் தெற்குப் பகுதிக்குரிய ஊட்டைத் திருடினாரா, இல்லையா?

"எடுத்தோங்க," என்றார் அஞ்சப்பன். "ஒவ்வொரு வண்டியிலயும் ஒரு கரண்டி. இருவது வருசம். தலைவரு நாந்தான், நாந்தான் சொன்னேன். மத்தவங்கள விட்ருங்க."

சுவர் உள்ளீடற்றுப் போனதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. நாசவேலைக்கும் திருட்டுக்கும் காப்பீடு இருந்ததால் நிறுவனத்திற்கு இழப்பீடும் கிடைத்தது. அது கிடைத்த காலாண்டின் லாபம் அதுவரை இல்லாத அளவு உயர்ந்தது. ரகோத்தமன் மூன்றாண்டு நிறைவதற்கு முன்பே தலைநகருக்கு உயர்த்தப்பட்டார். போகும்போது வடிவாம்பிகைக்கு ஒரு வரி எழுதினார்: என்னை மன்னிக்க வேண்டாம். அவள் சாட்சி சொன்னாள். தெற்குக் கல்லின் தூளைக் காட்டினாள். எழுத்தர் சொன்னதையே நீதிமன்றமும் சொன்னது.

சிறையில் கம்பிக்கு அப்பால் அஞ்சப்பன் மெலிந்திருந்தார்.

"அந்தக் கரண்டியாலதானாம்மா கோதண்டம் போனான்?"

"இல்ல அண்ணே. ஒரு வண்டி நானூறு லிட்டர். ஒரு கரண்டி அரை லிட்டர்கூட இல்ல. கம்பெனி நிறுத்துனது பாதி ஊட்டு. உங்க கரண்டியால ஒரு விரக்கடைகூட..."

"நீங்க நம்பர் சொல்லுவீங்கம்மா," என்றார் அவர், கோபமில்லாமல். "போர்டும் நம்பர்தான் சொல்லுச்சு."



தீர்ப்புக்கு முதல் நாள் பூங்காவனம் வடிவாம்பிகையின் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வர மறுத்து நின்றபடியே கேட்டாள்.

"ஊருல ரெண்டாப் பேசுறாங்க. சாமிக்கு எடுத்ததாலதான் சுவரு செத்துச்சுன்னு சில பேரு, இல்லன்னு சில பேரு. எனக்கு எழுத்துப் படிப்பு இல்ல. நீ படிச்சவ. பொய் சொல்லாம சொல்லு. எம்புருசன் அந்தாளு எடுத்த கரண்டிக்குத்தான் போனாரா?"

"இல்ல பூங்காவனம். ஊட்டப் பாதியா நிறுத்துனதுக்குப் போனாரு." வடிவாம்பிகை தூணைப் பற்றிக்கொண்டாள். "நிறுத்தலாம்னு முதல்ல கையெழுத்துப் போட்டது நான்."

பூங்காவனம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

அஞ்சப்பனுக்கு மூன்றாண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று. நீதிமன்ற வாயிலில் காவல் வண்டி நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. அஞ்சப்பனை அழைத்து வந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. எதிரே பூங்காவனம் நின்றிருந்தாள். அவர் தலை கவிழ்ந்தார். அவள் வாயிலிருந்து என்ன வந்தாலும் ஏற்கத் துணிந்தவர்போல் நின்றார்.

அவள் அவரிடம் வரவில்லை. சாலையின் எதிர்ப்புறம் அரசமரத்தடியில் இருந்த பிள்ளையாரிடம் சென்றாள். செருப்பைக் கழற்றினாள். சூடம் மூன்று முறை மழையில் அணைந்தது. நான்காம் முறை உள்ளங்கையைக் கூரையாகக் குவித்து ஏற்றி, அது முழுதும் எரிந்து அடங்கும்வரை அசையாமல் நின்றாள். ஒருமுறை வலம் வந்து கிழக்கே, கடல் இருந்த திசையை நோக்கிக் கைகூப்பினாள். பிறகு சிலையின் முன் இருந்த திருநீற்றைக் கை நிறைய அள்ளிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தாள்.

"தாலி அறுத்தவ பூசலாமா?" என்று பெண் காவலர் ஒருத்தி முணுமுணுத்தாள்.

"நாந்தான் பூசணும்," என்றாள் பூங்காவனம். "குனிண்ணே."

விலங்கிட்ட கைகளோடு அஞ்சப்பன் குனிந்தார். அவள் அவர் நெற்றி நிறையப் பூசினாள். மீந்ததை அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் வைத்து, தன் ஈரக்கையால் மூடினாள்.

"ஊட்டுன கைண்ணே இது. ஒரு கொறையும் இல்ல. திரும்பவும் சுவரு கட்டுவாங்க, அதுக்கும் பசிக்கும், ஊட்ட ஆளு வேணும். நோய் நொடி அண்டாம, நெறஞ்ச ஆயுசோட, நல்லபடியா திரும்பி வாண்ணே."